தூவானம்

பெர்கனில் மழை நின்ற பிறகும்
சக்கரம் நிற்பதில்லை.
தெருவில் கிடக்கும் மழையை அள்ளியெடுத்து
இடுப்பிலிருந்து பிடரி வரை
ஒரே கோடாக இழுத்துவிடும்.
இரவுப்பணி முடிந்து வரும் என்னைப்
பின்னாலிருந்து பார்த்தால்
ஒரே ஒரு வரி மட்டும் கிடைத்த வரிக்குதிரை.

குளிர்காலம் முழுக்க, ஞாயிறுதோறும்,
எட்டு எஃகுக் குழாய்களைப் பித்தளை உருக்கி ஒட்டினேன்.
பிரேம் நேராகத்தான் வந்திருக்கிறது.
நேராக என்றால், கையை விட்டு ஓட்டினால்
கொஞ்சம் கடல் பக்கம் சாயும்.

டிஸ்க் பிரேக்கை முதலில் மாட்டியதுதான் பிழை.
பின்அச்சுக்குப் பக்கத்தில், இடதுபுறம்,
கேலிப்பர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.
மட்கார்டின் கம்பி வந்து இறங்கவேண்டிய துளை
சரியாக அதன் முழங்காலுக்குப் பின்னால்.
ஓர் உறையில் இரண்டு வாள்.
ஒன்று நிறுத்தும், ஒன்று மறைக்கும்,
எனக்கு இரண்டும் வேண்டும்.

துணி துவைக்கும் நிலவறையில்
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன்.
போர்வையை எடுக்க வந்த ஸ்டைனார்
உலர்த்தியின் மேல் சாய்ந்து வெகுநேரம் பார்த்தார்.
"ஏதாவது ஒன்று போதாதா?" என்றார்.
இந்த ஊரில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா அது.

கம்பியை முழங்காலில் வைத்து வளைத்தேன்.
வளைந்தது, வேண்டாத இடத்தில்.
இன்னொரு கம்பி. அதுவும்.
கடைசியில் சேமிப்பறையில் கிழிந்து கிடந்த கூடாரம்தான்
கைகொடுத்தது. அதன் குழாயில்
இருபத்திரண்டு மில்லிமீட்டர் அறுத்து
அரத்தால் முனை தேய்த்து
நீள போல்ட்டுக்குச் சட்டையாக மாட்டினேன்.
நெரிசலில் தோளைச் சாய்த்துப் போகிறவளைப் போல
கம்பி கேலிப்பரைத் தாண்டி வெளியே வந்தது.
நடுவில் நகம் நுழையும் இடம்.
போதும்.

பிறகு அந்தச் சத்தம்.
சுற்றுக்கு ஒருமுறை, ஸ்ஸிங்.
வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்து
தட்டுக்கும் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் தேடினேன்.
பாதிச் சுற்றில் இருந்தது, பாதியில் இல்லை.
திருகைக் கால் சுற்று. அதில் பாதி. அதிலும் பாதி.
ஸ்ஸிங் மெலிந்து ஸ் ஆகி
இல்லாமல் போனது.
அந்தச் சந்தோஷத்தில் எண்ணெய்க் கட்டைவிரலைத்
தட்டின் மேலேயே வைத்துத் தொலைத்தேன்.

ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்
பையில் இருந்தது. துடைத்தேன்.
"கொஞ்சம் சில்லென்று இருக்கும்" என்று
வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது.

புது பிரேக்குக்குப் பிடிக்கத் தெரியாது.
மேட்டிலிருந்து இறங்கி, பிடித்து, விட்டு,
திரும்பத் தள்ளிக்கொண்டு ஏறி,
பதினேழு தடவை வரை
வெண்ணெயை அழுத்துவது போலத்தான் இருந்தது.
பதினெட்டில் பிடித்தது.
குப்பைத்தொட்டி மேல் இருந்த கடற்காகம்
திட்டிக்கொண்டே எழுந்து போனது.

திங்கட்கிழமை காலை ஓட்னியும் நானும்
மருத்துவமனைக்குக் கிளம்பினோம்.
விடியுமுன்பே மழை விட்டிருந்தது.
அந்த இறக்கத்துக்கு இரண்டு விரல் போதுமாயிருந்தது.
வாசலில் இறங்கி முதுகைத் தடவிப் பார்த்தேன்.
காய்ந்த முதுகு! ஆடாத குறை.
"ஓட்னி, இங்கே பாரேன்" என்று திரும்பினால்
அவள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை.
மற்றபடி நெற்றி, கன்னம், முன்பற்கள், எல்லாம் சேறு.

மழை விட்டும் தூவானம் விடவில்லை.
ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

மட்கார்டு தரைக்கு ஒரு முழம் மேலேயே முடிந்துவிடுகிறது.
அந்த முழத்தை நான் அளக்கவே இல்லை.
என் முதுகுவரைதான் அளந்திருந்தேன்.

அன்றிரவு பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, வெட்டி,
இரண்டு வாஷர் வைத்துப் பின்னால் தொங்கவிட்டேன்,
தரைக்கு நாலு விரல் உயரத்தில்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை.
பின்னாலிருந்து வெகுதூரம் பேச்சே இல்லை.
சிவப்பு விளக்கில் நின்றதும்
ஓட்னி குனிந்து, என் சக்கரத்தின் வாலை
ஊருக்கே கேட்கப் படித்தாள்:

"மார்ச் பதினான்குக்கு முன் உகந்தது.
பிறகும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்."